சுவரைப் பார்த்துப் பேசிய மகள்

ஆம்பூர் ரயில் நிலையத்தில் ஒரு பெஞ்சின் ஓரத்தில் என் மூத்த மகள் உட்கார்ந்திருந்தாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. எதிரே போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்தாள், ஆனால் வழியில் போகிற யாரையோ பார்ப்பது போலப் பார்த்தாள். காலையில் சென்னை வண்டியில் வந்து இறங்கியவள் மாலை வரைக்கும் அங்கேயே இருந்திருக்கிறாள். டீ விற்கிறவர் சந்தேகப்பட்டு, அவள் கையிலிருந்த போனை வாங்கி எங்களுக்குப் பேசியதால்தான் தெரிந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் செருப்பு போடாமல் இருந்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் அதற்குப் பிறகு பேசவில்லை.

என் பெயர் சாந்தி. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் டேனரியில் தோல் பதப்படுத்துகிற டிரம் ஓட்டுகிறார். எங்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பெனினா, இளையவள் ரூபி. பெனினா தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்தவள். பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் கிடையாது. சென்னைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்தபோது தெருவே வந்து வாழ்த்தியது. நாங்கள் பெட்டி வாங்கினோம், பக்கெட் வாங்கினோம், எலுமிச்சை ஊறுகாய் போட்டுக் கொடுத்தோம். ஜெபித்து அனுப்பினோம். ஒரு பிள்ளையைக் கல்லூரிக்குத் தயார் செய்வது என்றால் இவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம்.

அவள் வாரா வாரம் போனில் "நல்லா இருக்கேம்மா" என்றாள். முதல் செமஸ்டர் முடிவதற்குள் ரயில் நிலையத்தில் கிடைத்தாள்.

உள்ளறையில் சுவருக்கு எதிரே உட்காருவாள். காலையில் நான் கம்பெனி வண்டி ஏறும்போது எப்படி உட்கார்ந்திருந்தாளோ, மாலையில் வரும்போதும் அப்படியே இருப்பாள். சாப்பாட்டை ஊட்டிவிட வேண்டும். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். சத்தம் வராது. ஒரே மாதிரி அசைவு, திரும்பத் திரும்ப. யாரிடமோ ஏதோ கேட்பது போல இருக்கும். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பது போல நிறுத்துவாள். மறுபடி தொடங்குவாள். அந்தச் சுவரில் அவளுக்கு யாரோ தெரிகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். நானும் அந்தச் சுவரைப் பார்ப்பேன். சுண்ணாம்பு உதிர்ந்த வெறும் சுவர்தான். ஆனாலும் எனக்கு அந்த அறைக்குள் தனியாகப் போகப் பயமாக இருந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்தே ஒரு தாய் பயப்படுவது எப்படி இருக்கும் என்று இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

தெருவில் பேச ஆரம்பித்தார்கள். "தண்டவாளத்துல செத்த பொண்ணு எவளோ கூடவே வந்துட்டா, சாந்தி. அதான் அப்படி முழிக்கிது" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். சபையிலும் ஒருவர், வெளியூரில் பேய் விரட்டுகிற இடத்துக்கு அழைத்துப் போகச் சொன்னார். போகலாமா என்று நானும் நினைத்தேன். என் வீட்டுக்காரர்தான் ஒரே பிடியாக நின்றார். "எம் பொண்ண எவனும் அடிக்கக் கூடாது. டாக்டர்கிட்ட போலாம்" என்றார். வேலூரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அங்கே ஒரு அம்மா டாக்டர் பொறுமையாகக் கேட்டார். இது மனதுக்கு வருகிற நோய், வைத்தியம் இருக்கிறது, ஆனால் நாளாகும் என்றார். மாத்திரை கொடுத்தார். தானாகச் சாப்பிட ஆரம்பித்தாள். குளித்தாள். ராத்திரி தூங்கினாள். பேச்சு மட்டும் வரவில்லை. சுவரையும் விடவில்லை.

இரண்டு வருடம் இப்படியே போனது. ரூபி பிளஸ் டூவுக்கு வந்தாள்.

இவளும் நன்றாகப் படிப்பவள். ஆனால் தேர்வு நெருங்க நெருங்க அவள் முகம் மாறியது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாயில் வைக்க மாட்டாள். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, நான் காலேஜ் போவல. உன் கம்பெனிலயே சேத்து வுடு."

"ஏன் ரூபி?"

"அக்கா என்னவிட நல்லா படிப்பா. அவளுக்கே இப்படி ஆச்சின்னா எனக்கு இன்னா ஆவும்?"

நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளுக்குள் ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. கண்ணெதிரில் இருப்பாள், மாலையானால் என்னோடு அதே வண்டியில் வீட்டுக்கு வருவாள். இன்னொரு பக்கம், இந்தப் பயத்தோடு இவள் இங்கேயே இருந்தாலும் அக்காவைப் போல ஆகிவிடுவாள் என்று தோன்றியது.

தேர்வு முடிந்தது. நல்ல மதிப்பெண். ஆசிரியர் சொன்னதால் சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரிக்கு வேதியியல் படிக்க விண்ணப்பித்து, இடமும் கிடைத்தது. ரூபி சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் வேலை முடிந்து வந்து கதவைத் தள்ளினேன். உள்ளறையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில், தோள் உரச, சுவரைப் பார்த்து. பெனினாவின் உதடு அசைந்தது. ரூபியின் உதடும் அசைந்தது. ஒரே அசைவு. சத்தமில்லை. ஒன்றாக நிறுத்தினார்கள். ஒன்றாக மறுபடி தொடங்கினார்கள்.

என் கையிலிருந்த டிபன் கேரியர் கீழே விழுந்தது. இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை.

அடுப்படிக்குப் போய் அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு நான் செய்தது ஜெபம் என்று சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களோ தெரியாது. ஸ்தோத்திரம் சொல்லவில்லை. முழங்கால் போடவில்லை. "ஆண்டவரே, ஒருத்திய எடுத்துக்கின. இன்னொருத்தியவாவது எனக்கு வுட்டுடு. சின்னவளுக்குப் பயம் போவணும். வேற ஒண்ணும் உன்கிட்ட கேக்கல" என்று மட்டும் சொன்னேன். பெரியவளுக்காக அன்றைக்கு நான் கேட்கவே இல்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தேன்.

அடுத்த நாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். ரூபி வந்து என் பக்கத்தில் குந்தினாள்.

"அம்மா, அக்கா இன்னா சொல்றான்னு கண்டுபுடிச்சிட்டேன்."

"இன்னாடி சொல்ற?"

"பத்து நாளா அவ பக்கத்துல உக்காந்து வாயையே பாத்துக்கினு இருந்தேன். அவ மாதிரியே சொல்லிச் சொல்லிப் பாத்தேன். நேத்துதான் புரிஞ்சிது. அது இங்கிலீஷு. 'சார், ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட். ப்ளீஸ் ரிபீட்.' அதேதாம்மா. அத மட்டுந்தான் சொல்லிக்கினே இருக்கா."

சார், எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள். வகுப்பில் எழுந்து கேட்பதற்காக என் மகள் மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம். தமிழில் படித்துவிட்டுப் போன பிள்ளை. அங்கே எல்லாமே ஆங்கிலம். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். இவள் ஒருத்திக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஹாஸ்டல் குளியலறையில் நின்று அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகியிருக்கிறாள். வகுப்பில் ஒருநாள்கூட அதைச் சொல்ல வாய் வரவில்லை. இதெல்லாம் பின்னால் அவளே சொல்லித் தெரிந்தது.

ரூபி எழுந்து உள்ளறைக்குப் போனாள். நான் ஈரக் கையோடு பின்னாலேயே போனேன். அக்காவுக்கும் சுவருக்கும் நடுவில் போய், சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தாள். அக்காவின் உதடு அசைந்து முடிகிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு ஒரு வாத்தியார் பேசுவது போல மெதுவாகச் சொன்னாள்.

"சரிம்மா. இன்னொரு வாட்டி சொல்றேன். உனக்கு எது புரியல?"

பெனினாவின் உதடு நின்றது. ரொம்ப நேரம் தங்கையையே பார்த்தாள்.

"எல்லாமே" என்றாள்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு நான் கேட்ட குரல் அதுதான். அது என் மகளின் குரல் போலவே இல்லை, துருப்பிடித்த கீல் திறக்கிற சத்தம் போல இருந்தது. ரூபி அழுதுகொண்டே அவளைக் கட்டிக்கொண்டாள். நான் வாசற்படியிலேயே விழுந்து கும்பிட்டேன். நான் சின்னவளை மட்டும்தான் கேட்டேன். ஆண்டவர் பெரியவளையும் சேர்த்துக் கொடுத்தார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தைதான். மறுநாள் இரண்டு மூன்று. டாக்டரம்மாவிடம் சொன்னோம், அவசரப்படுத்தாதீர்கள் என்றார். ஆனால் சில வாரம் கழித்து, கல்லூரிக்குப் போவதென்று முடிவு செய்து ரூபி பெட்டியை எடுத்துத் துடைத்த அன்றைக்கு, பெனினா வந்து பெட்டியின் மூடியை மூடிவிட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

"பொட்டி அப்புறம். மொதல்ல நான் சொல்றதக் கேளு" என்றாள்.

ரூபிக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். எங்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. முன் வரிசையில் உட்கார். முதல் மாதம் முழுக்கப் புரியாது, புரிந்த மாதிரி உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்கும் புரியாது. வகுப்பில் கேட்க முடியாவிட்டால் வெளியே போய் வராந்தாவில் கேள். தமிழில் படித்து வந்த சீனியர் யாரென்று முதல் வாரத்திலேயே தேடிப் பிடி. ஒரு பரீட்சையில் தோற்றால் உயிர் போய்விடாது.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "நான் அப்ப போன்ல 'நல்லா இல்ல'ன்னு சொல்லி இருந்தா நீங்க இன்னா சொல்லி இருப்பீங்கப்பா?"

அவர் தலை குனிந்தார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு சொல்லி இருப்பேன்."

"இவகிட்ட அத சொல்லாதீங்க. 'வா, பேசலாம்'னு சொல்லுங்க."

கல்லூரி திறப்பதற்கு முன்பே ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றாள், தானும் வருவதாகச் சொன்னாள். ஆம்பூர் நிலையத்தில் அதே பெஞ்சைத் தாண்டும்போது என் கையை நசுக்கிவிடுகிற மாதிரி பிடித்துக்கொண்டாள். காட்பாடி வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை. அரக்கோணம் தாண்டிய பிறகுதான் தண்ணீர் கேட்டாள். கல்லூரியில் வாட்ச்மேனிடம் கெஞ்சி ஒரு காலி வகுப்பறைக்குள் போனோம். ரூபியை முன் பெஞ்சில் உட்காரவைத்து, தான் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது.

"எழுந்து கேளு. எனக்குக் கேக்கற மாதிரி கேளு" என்றாள்.

ரூபி எழுந்து கேட்டாள். இன்னும் சத்தமாக என்றாள் இவள். மறுபடி கேட்டாள். அந்த வெறும் அறையில் ரூபியின் குரல் மோதித் திரும்பி வந்தது. பெனினா சுவரில் சாய்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். வாட்ச்மேன் ஒன்றும் கேட்காமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

ரூபி சேர்ந்து முதல் வாரக் கடைசியில் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டோம். "அம்மா, இன்னிக்கு மேடம்கிட்ட கேட்டுட்டேன். திரும்ப சொன்னாங்க. அப்பவும் புரியல. இன்னொரு வாட்டி கேட்டேன்." அதைக் கேட்டு பெனினா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்க என் வீட்டுக்காரர் இரண்டு வருடம் காத்திருந்தார். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

இப்போது ரூபி இரண்டாம் வருடம் படிக்கிறாள். பெனினா சனிக்கிழமைகளில் நம் சபையின் பக்கத்து அறையில் பிளஸ் டூ பிள்ளைகளோடு உட்காருகிறாள். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவளைப் பேய் பிடித்தவள் என்று சொன்னவர்கள் வீட்டுப் பிள்ளையும் வருகிறாள். பாடம் நடத்துவதில்லை. போகப்போகிற இடத்தில் என்ன இருக்கும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறாள், கேட்கப் பழக்குகிறாள்.

இன்னும் மாத்திரை சாப்பிடுகிறாள். இன்னமும் சில நாட்களில் பேசாமல் இருப்பாள். அப்படிப்பட்ட நாட்களில் எனக்கு அந்தப் பழைய பயம் அப்படியே திரும்பி வரும். ரயில் ஊதுகிற சத்தம் கேட்டால் இன்னமும் என் கை தையல் மிஷினில் நின்றுவிடும். அந்தப் பயத்தை ஆண்டவர் என்னிடமிருந்து முழுக்க எடுத்துவிடவில்லை. அது வருகிற நேரத்தில் கூட இருக்கிறார் என்று மட்டும் சொல்வேன். எனக்கு அது போதும்.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருந்தால் அதற்கு ஒரு பேர் வைத்து விரட்டப் பார்க்காதீர்கள். வைத்தியம் பாருங்கள். ஜெபியுங்கள். கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாலும், வார்த்தை வராவிட்டாலும், அப்படியே அவர் முன்னால் உட்காருங்கள். அந்தப் பிள்ளையின் பக்கத்திலும் உட்காருங்கள்.

இதைச் சொல்லட்டுமா என்று பெனினாவிடம் கேட்டுத்தான் வந்தேன். "சொல்லும்மா. நான் கடைசில உக்காந்துக்கிறேன்" என்றாள். கடைசி வரிசையில்தான் இருக்கிறாள். தயவுசெய்து திரும்பிப் பார்க்காதீர்கள், அவளுக்குக் கூச்சமாக இருக்கும். ஜெபம் முடிந்ததும் பள்ளிக்கூடம் முடிக்கப்போகிற உங்கள் பிள்ளைகளை மட்டும் அவளிடம் அனுப்பிவையுங்கள்.