பென்சிலால் நிரப்பிய கன்னம்

ஜப்பான்காரன் காலத்தில் மெலிந்தவர்கள் எல்லோரும்தான். ஆனால் என் வீட்டுக்காரர் மெலிந்ததை நான் எனக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டேன். புருஷன் கன்னம் ஒட்டிக் கிடந்தால் ஊர் முதலில் பெண்டாட்டியைத்தான் பார்க்கும். அவள் என்னத்தைப் பொங்கிப் போடுகிறாள் என்று கேட்கும். அரிசி இல்லாத ஊரிலும் அந்தக் கேள்வி மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

அவர் அப்போது மலாக்காவில் எங்கள் பகுதிச் சங்கத்துக்குத் தலைவராகியிருந்தார். இந்தியாவின் விடுதலைக்காக ஆள் திரட்டுவதும், கூட்டம் போடுவதும், பெண்கள் கழற்றிக் கொடுக்கும் நகையை வாங்கி மேலிடத்துக்கு அனுப்புவதும் அவர் வேலை. மண்டபத்துச் சுவரில் பெரிய தலைவரின் படம் மாட்டியிருந்தது. பக்கத்தில் பகுதித் தலைவரின் படமும் இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அவருக்கு அதில் விருப்பமில்லை. எனக்கு இருந்தது. மறைப்பானேன், நிறையவே இருந்தது.

காஜா பெராங் தெருவில், தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்து தமிழை மறந்துபோன மலாக்காச் செட்டி ஒருவர் வீட்டு முன்னறையில் ஸ்டூடியோ இருந்தது. அதை நடத்தியவர் நெற்றியில் திருநீறு பூசியிருப்பார், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். சுவரில் ஒரு மகாராஜாவின் எண்ணெய் ஓவியத்தை அச்சுப்படமாக மாட்டியிருந்தார். மகாராஜா சிவப்பு வெல்வெட் திரைக்கு முன்னால், ஒரு கை வாளின் மேல், மறு கை மேசையின் மேல், முகத்தில் ஒரு பாதி வெளிச்சமும் மறு பாதி நிழலுமாக நிற்பார். யார் படமெடுக்க வந்தாலும் அந்த மனிதர் அந்த மகாராஜாவைப் பார்த்துப் பார்த்துத்தான் நிறுத்துவார். ஜப்பான் அதிகாரிகளையும் அப்படித்தான் எடுத்தாராம். அவர்களுக்கு வாள் சொந்தமாகவே இருந்ததால் வேலை சுலபம் என்றார்.

என் வீட்டுக்காரருக்கு வாள் இல்லை, கைத்தடி கிடைத்தது. இரவல் வாங்கிய காக்கிக் கோட்டு தொளதொளவென்று தொங்கியது. அந்த மனிதர் முதுகுப் பக்கம் துணியை இழுத்துப் பிடித்து, துணி காயப்போடும் கிளிப்புகளை வரிசையாக மாட்டினார். முன்னாலிருந்து பார்த்தால் தையற்காரர் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஒரு ஜன்னலைச் சாத்தி, மற்றதில் கோதுமைச் சாக்குத் துணியைக் கட்டி வெளிச்சத்தைச் சாய்த்துவிட்டார். எல்லாம் ஓவியத்தில் இருந்தபடியே வந்தது, கன்னத்தைத் தவிர. நிழல் விழுந்த பக்கம் ஒரு குழி தெரிந்தது.

“ராஜா குருஸ், சியாப்பா மாவ் தாக்குட்?” என்றார். மெலிந்த ராஜாவுக்கு யார் பயப்படுவார்கள் என்று அர்த்தம். கண்ணாடி நெகடிவில் பென்சிலால் மெல்லத் தேய்த்தால் அந்த இடம் படத்தில் வெளுத்துக் குழி நிரம்பிவிடும், செய்யட்டுமா என்று கேட்டார். என் வீட்டுக்காரர், வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்ற உள்ளே போனார். நான் அந்த மனிதரிடம் நெருங்கி, நிரப்புங்கள், நன்றாகவே நிரப்புங்கள் என்றேன்.

படம் பிரமாதமாக வந்தது. மகாராஜாவுக்குத் தம்பி என்று சொன்னால் நம்பலாம். இவர் அதைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். மண்டபத்தில் அதை மாட்டிய அன்று நான் பூரித்துப்போய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு மடத்தனம்.

கொஞ்ச நாளில் ஒரு பெண் தகரக் குவளையோடு வாசலில் வந்து நின்றாள். ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து சேர்ந்தவள். புருஷனை சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தன் காதுத்தோட்டைச் சங்கத்துக்குக் கழற்றிக் கொடுத்தவள். பிள்ளைக்குக் காய்ச்சல், கஞ்சிக்கு ஒரு பிடி அரிசி வேண்டும் என்றாள். எங்கள் வீட்டில் அரிசி கண்ணில் பட்டே வெகு நாளாகிறது என்றேன்.

“மண்டபத்துல தலைவர் படத்தப் பாத்தாலே தெரியுதேக்கா,” என்றாள்.

அவளை உள்ளே இழுத்துப் போய்ப் பானையைத் திறந்து காட்டினேன். மரவள்ளிக்கிழங்குதான் வெந்துகொண்டிருந்தது. அவள் பானையைப் பார்க்கவில்லை, பரணைப் பார்த்தாள். வெறுங்குவளையோடு போனவள் சும்மா போகவில்லை. பெண்கள் கொடுத்த நகை அரிசியாகித் தலைவர் வயிற்றுக்குள் போகிறது என்ற பேச்சு குழாயடியில் தொடங்கி மார்க்கெட் வரைக்கும் போயிற்று. நான் போனால் பேச்சு நின்றுவிடும். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

படத்தைக் கழற்றிவிடுங்கள் என்று இவரிடம் அழுதேன். கழற்றினால் திருடினேன் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும் என்றார். அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

கூட்டத்துக்கு மண்டபம் நிறைய ஆள். அரிசிக் கணக்கு கேட்கத்தான் வந்திருந்தார்கள், முகத்திலேயே எழுதியிருந்தது. இவர் மேடையில் தன் படத்துக்குக் கீழே போய் நின்றார். பேச்சைத் தொடங்காமல் சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை நாற்காலியின் மேல் போட்டுவிட்டு வெற்றுடம்போடு நின்றார்.

“நல்லா பாத்துக்குங்க. நான் இதுதான். மேல இருக்கற கன்னத்துல அரிசி இல்ல, பென்சில். என் வீட்டுக்காரி போடச் சொன்னது. எனக்குச் சோறு போட முடியலையேன்னு அவளுக்கு வெக்கம். வேற எந்தத் தப்பும் எங்க வீட்டுல நடக்கல,” என்றார்.

பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தக் குவளைக்காரியும் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பதிலுக்கு நானும் முறைத்திருப்பேன். அவர்கள் பாவம் என்று பார்த்தார்கள்.

எழுந்து மேடையேறிச் சட்டையை எடுத்து அவர் தோளில் போர்த்தப் போனேன். பக்கத்தில் போன பிறகுதான் அவருடைய விலா எலும்புகளைப் பார்த்தேன். வீட்டில் அவர் குளித்துவிட்டு வரும்போதெல்லாம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்ளப் பழகியிருந்தேன். அவர் எவ்வளவு இளைத்திருந்தார் என்பதை ஊரோடு சேர்ந்துதான் நானும் அன்று பார்த்தேன்.