ஃபோன் வரும்வரை நிறுத்திவைத்த கூலர்

மலைக்குப் போகிறவளைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுவார்கள். நான் பஸ் டிக்கெட் எடுத்த நாளிலிருந்து அம்மாவுக்கும் அதே வேலைதான். பாறை உருளும், பனியில் கால் வழுக்கும், கரடி வரும். டெல்லியில், முனிர்காவில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் ஜூன் மாதத்தைத் தனியாகக் கழிக்கப் போகிற அறுபத்தெட்டு வயதுக்காரியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஒருத்திதான் கவலைப்பட்டேன். பட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கோடை விடுமுறைக்கு மலையேறப் போவது பல வருஷப் பழக்கம். அந்த வருஷம் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க மட்டும் போகாமல், அங்கேயே தங்கி வேலை செய்வதாக இமாச்சலத்தில் ஒரு குழுவோடு பேசி வைத்திருந்தேன். பனி உருகியதும் நடைபாதை எல்லாம் குலைந்து கிடக்கும். சரிந்த கல்லை எடுத்து மறுபடி அடுக்க வேண்டும், தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்ட வேண்டும், ஓடையின் மேல் மரம் போட வேண்டும், கூடாரம் அடிக்க வேண்டும், கக்கூஸ் குழி தோண்ட வேண்டும். சாப்பாடும் படுக்க இடமும் தருவார்கள்.

"ஏட்டி, குழி வெட்டவும் கல்லு சுமக்கவுமா உங்கப்பா உன்ன படிக்க வச்சாங்க?" என்று அம்மா கேட்டாள். "ஊர்ல நூறு நாள் வேலைக்குப் போனாக்கூட சம்பளம் குடுப்பாங்களே."

திருநெல்வேலியை விட்டு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவள் பேச்சில் ஒரு சுழி மாறவில்லை. என்னை ஏட்டி என்றுதான் கூப்பிடுவாள். காய்கறிக்காரரிடம் மட்டும் "பையா, ஜல்தி" என்பாள். மற்றபடி ஹிந்தி அவள் வாய்க்கு வெளியேதான் நின்றது.

அவளையும் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தேன். பாதை தொடங்குகிற கிராமத்தில் ஓர் அறை எடுத்துத் தருகிறேன் என்றேன். மூட்டு வலி என்றாள். சரி, ஊருக்காவது போய் இரு என்றேன். "ஊர் மட்டும் என்ன, ஊட்டியா?" என்றாள். ஏசி வாங்கலாம் என்றால் எலும்புக்குள் குளிர் போகும் என்பாள். அவளோடு பேசி ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அப்பா அதற்காகவே சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நான் அவளிடமே சொல்லியிருக்கிறேன். அவளும் சிரித்திருக்கிறாள்.

வீட்டில் இருந்தது ஒரு கூலர். அப்பா மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தபோது, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வாங்கியது. தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற, பீரோ அளவு தகரப் பெட்டி. ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு மாவு மில் மாதிரி இரையும். அது ஓடும்போது பக்கத்தில் இருக்கிறவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். ஆனால் காற்று ஜில்லென்று வரும். அது இருக்கிற தைரியத்தில்தான் நான் கிளம்பினேன்.

மலையில் எங்கள் கூடாரங்களுக்கு மேலே ஒரு பெரிய பாறை. அதன் மேல் ஏறி நின்றால் மட்டும் ஃபோனில் சிக்னல் கிடைக்கும். சாயங்காலம் வேலை முடிந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு எல்லாரும் அதன் அடியில் வரிசையில் நிற்போம். ஒருவர் பேசுவது எல்லார் காதிலும் விழும். அங்கே தமிழ் தெரிந்தவர் யாருமில்லை என்பதால் நான் மட்டும் வஞ்சனையில்லாமல் சண்டை போடுவேன்.

அம்மா முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். சாப்பிட்டியா, குல்லா போட்டியா, கால் எப்படி இருக்கு. அவள் குரலுக்குப் பின்னால் எங்கள் பழைய ஃபேன் கடக் கடக் என்று சுற்றுவது கேட்கும். அது மட்டும்தான் கேட்கும். இரண்டாவது, மூன்றாவது நாளே எனக்கு உறைத்தது.

"ஏம்மா, கூலர் ஓடலையா?"

"அது ஓடுனா ஃபோன் அடிக்கது கேக்க மாட்டேங்கு. நிறுத்தி வச்சிருக்கேன்."

"எப்பலேர்ந்து?"

"இப்பத்தான்."

இப்பத்தான் இல்லை. நான் எந்நேரம் கூப்பிடுவேன் என்று எனக்கே தெரியாது. மேகம் இறங்கினால் சிக்னல் போய்விடும், வரிசை நீளமாக இருந்தால் இருட்டிவிடும். அதனால் அவள் மத்தியானம் படுத்து எழுந்ததுமே கூலரை நிறுத்திவிட்டு, ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பகலெல்லாம் காய்ந்த மொட்டை மாடி அந்த நேரத்தில்தான் தன் சூட்டையெல்லாம் கீழே இறக்கும்.

"கூலரப் போடும்மா."

"போடுதேன். நீ பேசி முடி."

"நான் கூப்பிடலன்னா?"

"கூப்பிடுவ."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கூப்பிடுவேன், மற்ற நாளெல்லாம் கூலர் ஓட வேண்டும் என்று சட்டம் போட்டேன். சரி சரி என்றாள். நம்பாமல் புதன்கிழமை ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் ஃபேன் மட்டும் கடக் கடக்.

"ஞாயித்துக்கிழமைன்னுதானம்மா சொன்னேன்?"

"ஒருவேள நீ கூப்பிட்டுட்டன்னா?"

ஃபோனைத் தூக்கிப் பள்ளத்தில் எறியலாம் போலிருந்தது. கூப்பிடுகிற நாளிலும் உட்கார்ந்திருக்கிறாள், கூப்பிடாத நாளிலும் உட்கார்ந்திருக்கிறாள். கூலர் சத்தத்திலும் ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தால் அது அதிர்கிறது தெரியுமே என்று விளக்கினேன். "எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் நடுவில் எங்களுக்கு மேலே ஒரு பெரிய மழை கொட்டியது. கீழே போகிற பாதையில் ஒரு வளைவு அப்படியே ஓடையோடு போய்விட்டது. டவரும் செத்துப்போனது. பாறை மேல் ஏறி ஏறிப் பார்த்து இறங்கினோம். நான் கூடாரத்தில் படுத்துக்கொண்டு கம்பளிக்குள் நடுங்கியபடி டெல்லியின் சூட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபோன் வரவில்லையென்றால் அவள் என்ன செய்வாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சாயங்காலம் மட்டும் நிறுத்துவதை நாள் முழுக்க நிறுத்துவாள்.

டவர் உயிர் பெற்ற அன்று என்னை முதலில் ஏறச் சொன்னார்கள். இரண்டு முறை முழுசாக மணியடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறைதான் எடுத்தாள்.

"ஏட்டி" என்றாள். குரல் சுருண்டு கிடந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கூலரும் இல்லை, ஃபேனும் இல்லை.

"கரண்ட் இல்லையாம்மா?"

"இருக்கு. நான்தான் ஃபேன நிறுத்துனேன். குளிருது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். "பனிமலையில நிக்கது நானா, நீயா?" என்றேன்.

"கம்பளிய எடுத்துப் போத்திட்டேன். நீயும் குல்லா போட்டுக்கோ" என்றாள். கேலியே இல்லை. நிஜமாகவே பல் அடித்துக்கொண்டிருந்தது. ஜூன் மாதம், டெல்லியில், மூடிய அறைக்குள், கம்பளிக்கு அடியில்.

லைன் அறுந்தது. மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

கீழ்வீட்டுக்காரருக்கு அடித்தேன். அவர் குடும்பத்தோடு மணாலியில் இருந்தார். இங்கே பயங்கர டிராஃபிக் என்று என்னிடமே குறைப்பட்டார். வீட்டு ஓனர் ஹரியானாவில் ஒரு கல்யாணத்தில் இருந்தார், டோலக் சத்தத்தில் நான் சொன்னது அவருக்கு ஏறவில்லை. கூட வேலை பார்க்கிற டீச்சர்கள் எல்லாரும் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். ஆம்புலன்ஸுக்கு அடித்தால், மலையிலிருந்து அடிக்கிறவளுக்கு மலையின் ஆம்புலன்ஸ்தான் எடுக்கிறது. எந்த கிராமம் என்று கேட்டார்கள். முனிர்கா என்றேன். அது எந்த தாலுகா என்றார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு நான் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தபோது சார்ஜ் தீர்ந்தது.

கீழே நின்ற எங்கள் மேஸ்திரி தன் ஃபோனை நீட்டினார். அதில் அடிக்க எனக்கு யார் நம்பரும் மனப்பாடமாகத் தெரியவில்லை, ஒன்றைத் தவிர. டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அவர் தூத்துக்குடிப் பக்கம். கருப்பட்டி, கறிவேப்பிலை, இட்லி அரிசி எல்லாம் அவரிடம்தான். சின்ன வயதிலிருந்து அம்மா சொல்லச் சொல்ல அவருக்கு ஃபோன் போட்டுச் சாமான் சொன்னது நான்தான்.

"நீ பதறாதம்மா. நான் இந்தா கெளம்பிட்டேன்" என்றார். கடையை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரில் போயிருக்கிறார். தாழ்ப்பாளை உடைத்து உள்ளே போய், அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் மேஸ்திரி ஃபோனுக்குக் கூப்பிட்டார். "உசுரு இருக்கு தாயி. ஆனா பேச்சு சரியில்ல. நீ எப்ப வார?"

எப்ப வருவது? வழி இல்லை. போன வளைவைக் கட்டினால்தான் வழி. மறுநாள் விடிந்ததும் எல்லாரும் அங்கே போய் இறங்கினோம். அம்மாவுக்காக நான் செய்ய முடிந்தது கல் தூக்குவது ஒன்றுதான். தூக்கினேன். மண் தளர்ந்து, வைத்த கல் சரிந்து மறுபடி ஓடைக்குள் போகும். மறுபடி தூக்கினேன். மேஸ்திரி ஒரு தடவை என் கையைப் பிடித்து, நிதானமாக வை பெஹன்ஜி, அவசரமாக வைத்த கல் நிற்காது என்றார். அவர் சொன்னது சரிதான். எனக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது. தண்ணீர் வடிந்து, கயிறு கட்டி ஆள் கடக்கிற அளவுக்கு அந்த வளைவு நின்ற பிறகுதான் என்னை விட்டார்கள். அதுவரை அண்ணாச்சிதான் பக்கத்தில் இருந்தார்.

பஸ்ஸில் கீழே இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றினேன், அப்புறம் முழுக்கைச் சட்டையை. டெல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அடுப்பு வாயில் நிற்கிற மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி வார்டுக்குள் போனால் ஏசி. அம்மா மெல்லிய போர்வைக்குள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு கிடந்தாள். என் பையைத் திறந்து, அவள் சரோஜினி நகர் மார்க்கெட்டில் பேரம் பேசி எனக்கு வாங்கித் தந்த கம்பளிக் குல்லாவை எடுத்து அவள் தலையில் மாட்டினேன். கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"இது எம்பொண்ணு குல்லால்லா?" என்றாள். "அவ அங்க குளிருல என்ன செய்வா?"

வெயில் மூளையைத் தாக்கியிருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். நடக்கிறாள், சாப்பிடுகிறாள், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் யார் யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்கிறாள். என்னை மட்டும் விட்டுவிட்டாள். அவள் மகள் இன்னும் மலையில்தான் இருக்கிறாள். நான் அவளுக்கு நீங்க வாங்க போட்டுப் பேச வேண்டிய யாரோ.

ஏசி வாங்கி மாட்டினேன். போட்டதும் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அழுகிறாள். அதனால் பழைய கூலர்தான். அதையும் சாயங்காலம் ஆனால் எழுந்து போய் நிறுத்திவிட்டு, ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். நான் போய்ப் போட்டால் திரும்பவும் நிறுத்துகிறாள். நான்தாம்மா உன் பொண்ணு, இங்கேதானே இருக்கிறேன் என்று கத்தியிருக்கிறேன், கெஞ்சியிருக்கிறேன், ரேஷன் கார்டைக்கூடக் காட்டியிருக்கிறேன். "சரிங்கம்மா" என்கிறாள், பைத்தியத்திடம் பேசுகிற பக்குவத்தோடு. "அவ கூப்பிட்டுரட்டும். அப்புறம் போடுவோம்."

இந்த வருஷம் மே மாதம் ஒரு சாயங்காலம், அறை கொதித்தது. அவள் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. நான் வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து அவளுக்கு ஃபோன் அடித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியதுமே எடுத்துவிட்டாள்.

"ஏட்டி. சாப்ட்டியா? குல்லா போட்டியா?"

ஒரு வருஷம் கழித்து அந்த ஏட்டியைக் கேட்டேன்.

"போட்டேம்மா. நீ எப்படி இருக்க?"

"எனக்கென்ன. இங்க ஒரு பிள்ள வந்து தங்கிப் பாத்துக்கிடுதா. நல்ல பிள்ளதான். கோவம் மட்டும் வந்துரும். கல்யாணம் ஆகல போல, பாவம்." குரலைத் தாழ்த்தினாள். "நீ ஒண்ணும் அவசரப்பட்டு வராத. பாத்து எறங்கு."

"சரிம்மா. கூலரப் போடு."

"போடுதேன்."

அன்றிலிருந்து தினமும் படிக்கட்டில் வந்து உட்கார்ந்து கூப்பிடுகிறேன். மொட்டை மாடிக்கு ஏறிப்போகிறவர்கள் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போகிறார்கள். அந்த முதல் நாள் பேசி முடித்து உள்ளே வந்தபோது கூலர் மாவு மில் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. அம்மா அதன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், சத்தத்துக்கு மேலே கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னாள்.

"எம்பொண்ணு பேசுனா. நல்லாருக்காளாம்."