ஷாம்பு பாக்கெட் அருவி

பூட்டைத் திறந்ததும் ஷாம்பு வாசனை மூக்கில் ஏறியது. பால்கனிக் கம்பியில், நான் வாங்கி வைத்திருந்த ஷாம்பு பாக்கெட்டுகள் கிழித்து விரிக்கப்பட்டு, வெள்ளி உட்புறம் தெரியச் சரம் சரமாகத் தொங்கின.

குற்றாலத்து வீட்டின் அடுக்களை ஜன்னலிலும் அம்மா இப்படித்தான் கட்டியிருந்தாள். சீசன் முழுக்க அப்பாவுக்கு அருவிக்கரையில் போலீஸ் டியூட்டி. அம்மாவை உள்ளே வைத்து வீட்டை வெளியே பூட்டிவிட்டுத்தான் கிளம்புவார்.

"கண்ட பயலுவளும் வருதான். பொம்பளைக்கு அங்கன என்ன சோலி?"

அருவியின் இரைச்சல் மட்டும் நாள் முழுக்க வீட்டுக்குள் வரும். குளிக்க வந்தவர்கள் வீசிய பாக்கெட்டுகளை, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பொறுக்கி ஜன்னல் வழியாக நீட்டுவேன். அம்மா கழுவி, கிழித்து, நூலில் கோத்துக் கட்டுவாள். காற்றடித்தால் சரங்கள் சலசலக்கும். வெயில் பட்டால் தண்ணீராக மினுங்கும். அதற்குக் கீழே தலையைக் கொடுத்து, கண்ணை மூடி நிற்பாள். சாவியோடு அப்பா வரும்வரை நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பா இறந்தபின் அம்மா தென்காசியில் என்னோடு இருக்கிறாள். வெளியே போனால் இப்போதெல்லாம் திரும்பி வர வழி தெரிவதில்லை.

"இங்கன எதுக்கும்மா இதைக் கட்டியிருக்கே?" என்றேன்.

அம்மா என் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

"நீயுந்தான ஏட்டி பூட்டிட்டுப் போற."