நாற்பத்தொன்றாம் அடி

ஆவி, பேய் என்று யாராவது கதை தொடங்கினால், தேநீர் போடுகிற சாக்கில் எழுந்து போய்விடுகிறவள் நான். ஆகவே இதைக் கேட்டு நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் கோபிக்க மாட்டேன், நடந்தது நடந்ததுதான்.

இலங்கையில், வன்னியில் போர் முடிந்த வாரம் அது. அங்கே அகப்பட்டிருந்த தம்பி சேந்தனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான் வேலைக்குப் புறப்படும்போது அம்மா கதவருகே நின்றார்.

“எல்லாரும் முடிஞ்சுதெண்டு சொல்லுறாங்கள், பிள்ளை. ஐயருக்குச் சொல்லி அந்தியேட்டியைச் செய்வமே? இல்லாட்டி நீ படிக்கிற புத்தகங்களிலை இதுக்கு வேறை மறுமொழி இருக்கோ?” அந்தியேட்டி, எங்கள் ஊரில் இறந்தவருக்குச் செய்யும் கடைசிச் சடங்கு.

“பின்னேரம் வந்து சொல்லுறன், அம்மா.”

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் வில்லி என்றொரு ஜெர்மானியர் இருந்தார். ஃபியூரர் என்று அவர்கள் அழைத்த சர்வாதிகாரியின் சீருடையைப் பதினேழு வயதில் அணிந்தவர். உலகப்போர் முடிந்ததும், இந்தக் கடற்கரையில் தம் படை புதைத்த கண்ணிவெடிகளைத் தோண்டியெடுக்க அவரையும் மற்ற இளம் கைதிகளையும் நிறுத்திவைத்தார்கள். ஒரு பகுதியைத் துப்புரவாக்கியதும், ஒன்றும் மிஞ்சவில்லை என்று காட்ட, அந்த இளைஞர்கள் கைகோத்து வரிசையாக அதன்மேல் நடக்க வேண்டுமாம். பின்னர் டேனிஷ் பெண்ணொருத்தியை மணந்து இங்கேயே தங்கிவிட்டார். மறதி நோய் முற்றியபின் இல்லத்தின் புல்வெளியே அவருக்கு அந்த மணல். தினமும் காலை பத்து மணிக்கு நான்தான் அவருடைய வரிசை.

“கட்டையான ஆக்களைத்தான் எப்பவும் எனக்குப் பக்கத்திலை விடுறாங்கள்,” என்று அன்றும் டேனிஷில் முணுமுணுத்தார். “ஃபியூரர் செத்திட்டார். அவர் புதைக்கச் சொன்ன வெடி சாகேல்லை. பாத்துக் காலை வை.”

ஆனால் அவர் நடக்கவில்லை. என் இடப்பக்கத்தைப் பார்த்தார்.

“அவனையும் பிடி. பயந்துபோய் நிக்கிறான்.”

அங்கே யாரும் இல்லை. நோயாளியோடு வாதாடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதற்பாடம். இடது முழங்கையை மடித்துக் கொடுத்தேன். நம்பினால் நம்புங்கள், ஒரு கை அதற்குள் நுழைந்தது. மெலிந்த, வியர்த்த கை. துணிவு வருவதற்காக அடிகளை மனத்துக்குள் எண்ணியபடி நடந்தேன். நாற்பத்தொன்றாம் அடியில் அது மெல்ல நழுவியது. நின்றுவிட்டேன், அழுகை வந்துவிட்டது.

“நாப்பத்தொண்டிலை விட்டிட்டான்,” என்றார் வில்லி. நான் வாய்விட்டு எண்ணியிருக்கவில்லை.

“வெடிச்ச சத்தம் கேட்டதோ?”

“இல்லை.”

“அப்ப ஏன் அழுறாய்? நட. வரிசை நிக்கக்கூடாது.”

புல்வெளியின் மறுமுனை வரை நடந்தோம்.

அன்று பின்னேரம் அம்மாவிடம், “அந்தியேட்டி வேண்டாம், தேடுவம்,” என்றேன். ஏதும் தகவல் வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு சேந்தனின் படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். காணாமற்போனவர்களைத் தேடும் நிறுவனங்களுக்கான முதல் கடிதத்தை அதன் முன்னால் இருந்தே எழுதினேன். இத்தனை ஆண்டுகளாக எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

அந்தக் கை நழுவிய கணத்தில் நான் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. எங்களை முந்திக்கொண்டு அவன் முன்னே போனானா, அல்லது வந்த வழியே திரும்பிப் போனானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.