யார் அந்த நாங்கள்?

அண்ணன் பாரிசில் நோயில் விழுந்த பிறகு அவருடைய போனை எடுப்பது ஒரே மகள்தான். அவளுக்குத் தமிழில் ‘மாமி’, ‘சாப்பிட்டீங்களா’ இரண்டும் தெரியும். எனக்குப் பிரெஞ்சில் அதுவும் இல்லை. வீடியோவில் இருவரும் சிரிப்போம். பிறகு அவள் கண்ணைத் துடைப்பாள், நானும் துடைப்பேன். மனுஷன் சாகக் கிடக்கும்போது இதென்ன ஊமைக்கூத்து என்று எரிச்சல்பட்டு, வாழைச்சேனையில் ஒரு பிரெஞ்சு வகுப்பில் போய்ச் சேர்ந்தேன்.

வகுப்பு முழுக்கக் கலியாணம் முடித்துப் பிரான்சுக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகள். தலை நரைத்த நான் போய் உட்கார்ந்ததும், “அன்ரி, உங்கட மாப்பிள்ளையும் அங்கதானா?” என்றாள் ஒருத்தி.

“ஓம், விசாதான் வரல்ல.”

முதலில் நான், நீ, அவன், அவள் படிப்பித்தார்கள். ‘ஜெ’ என்றால் நான், ‘நு’ என்றால் நாங்கள். பிள்ளைகள் எடுத்ததற்கெல்லாம் ஜெ, ஜெ என்றார்கள். எனக்கு நுதான் வாயில் வந்தது. எங்கள் பக்கம் சாவு, கலியாணம் என்று வந்தால் ஒருவர் தனக்காகத் தனியே பேசுவதில்லை. ‘நாங்க யோசிச்சம்’, ‘நாங்க கேக்கிறம்’ என்றுதான் பேச்சை எடுப்போம். ‘நான்’ என்று தொடங்கினால் வீட்டில் பெரியவர்கள் இல்லையா என்று கேட்பார்கள்.

அண்ணன் போய்விட்டார். அங்கேயே எரித்தார்கள். சாம்பலையும் அங்குள்ள மயானத்திலேயே வைக்கப்போவதாக அவர் மகள், என் மருமகள், சொன்னாள். பனிச்சங்கேணி வாவியில் நீந்திப் பழகிய மனுஷனைக் கல்லுப் பெட்டிக்குள் பூட்டுவதா? எனக்கு மனம் ஆறவில்லை. வகுப்பு மிஸ்ஸிடம் வசனங்களைத் திருத்தி வாங்கி, பாடமாக்கிக்கொண்டு அழைத்தேன். நாங்கள் அண்ணனைக் கேட்கிறோம். நாங்கள் அவரை இங்கே கரைக்க விரும்புகிறோம். நாங்கள் உன் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

அவள் முகம் இறுகிவிட்டது. ஆஸ்பத்திரியில் தகப்பனோடு தனியாகக் கிடந்தவள் அவள். அப்போதெல்லாம் இந்த ‘நாங்கள்’ எங்கே போயிருந்தது என்று நினைத்திருப்பாள்.

“கி, நு?” என்று கேட்டாள். யார் அந்த நாங்கள்?

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா, அம்மா, தம்பி மூவரையும் சுனாமி கொண்டுபோனது. நான் கலியாணம் முடிக்கவில்லை. வீட்டில் என்னைத் தவிர அசைந்துகொண்டிருந்தது ஃபேன் மட்டும்தான். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

“ஜெ” என்றேன். “நான் மட்டுந்தான், மகள்.”

அந்த இடத்தில் ஜெ வராது, வேறு சொல்தான் வரும் என்று மிஸ் பிறகு சொன்னார். மருமகள் திருத்தவில்லை. போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள் போலும், திரை இருண்டது. அவள் அழுவது மட்டும் கேட்டது. அவளுக்கும் தாய் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, அப்பாவைக் கொண்டுவருகிறேன் என்று பிரெஞ்சில் சொன்னாள். அது எனக்கு முழுதாக விளங்கியது.

சொன்னபடி வந்தாள். வாவியில் தோணி ஏறியதும் தோணிக்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார்.

“ஆம்பிளையள் ஒருத்தரும் வரல்லயா? ஆர் கரைக்கப்போற?”

“நாங்க” என்றேன்.

மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். “நு” என்று அவளுக்குச் சொன்னேன். இந்த முறை அவள் யாரென்று கேட்கவில்லை. சாம்பல் முட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.