நான் எழுதாத ஸ்கேன்

எங்கள் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் மாதம் ஒருமுறை டாக்டர்களுக்கு ஆளுக்கொரு தாள் கொடுப்பார்கள். தலைமை மருத்துவர் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து, நிதானமாகத்தான் கொடுப்பார். தலையில் அடிபட்டு வந்தவர்களில் எத்தனை பேருக்கு ஸ்கேன் எழுதினோம், அதில் எத்தனை பேருக்கு உள்ளே ஏதாவது இருந்தது என்று இரண்டு கட்டங்கள். கீழே மற்றவர்களின் எண்ணிக்கை, பெயரில்லாமல். தேவையில்லாத ஸ்கேனைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு.

பெயர் இல்லாவிட்டால் தெரியாதா? இருப்பதே ஆறு பேர். அதிகம் எழுதுகிறவன் நான். குறைவாக எழுதுகிறவள் எனக்குப் பத்து வருடம் ஜூனியர், நேற்று வந்த பெண். அவளுடையது என்னுடையதில் பாதிகூட இல்லை. காதில் புகை வரும் என்பார்களே, எனக்கு மூக்கிலும் வந்தது.

திண்டுக்கல்லில் ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். "தலையில அடி சார், ஒரு படம் எடுத்துப் பாத்துருங்க" என்று கூட வந்த அத்தனை பேரும் சூழ்ந்துகொள்வார்கள். எடுக்காதவன் டாக்டரே இல்லை. ஆளை விட்டால் போதும் என்று நானும் எழுதித் தள்ளுவேன். அவளிடம் மட்டும் அதே ஜனம் "சரிங்கம்மா" என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும். "அந்தம்மா சொன்னா ஆரும் மறுபேச்சு பேசுறதில்ல சார்" என்று நர்சு என்னிடமே வந்து சொல்வார். சொல்வதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லையாக்கும்.

அடுத்த மாதம் அவளை முந்தியே தீருவது என்று முடிவு கட்டினேன்.

அந்த மாதத்தில் ஒரு மதியம், வடமதுரைப் பக்கத்து விவசாயி ஒருவர் மொபெட்டிலிருந்து விழுந்து வந்தார். நெற்றியில் வெட்டு. வாந்தி இல்லை, மயக்கம் இல்லை, தெளிவாகப் பேசினார்.

"எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துருங்களேன் சார்" என்றார் அவர் மனைவி.

"எல்லாத்துக்கும் ஸ்கேன் எடுக்கக் கூடாதும்மா. தையல் போட்டாச்சு, கெளம்புங்க."

என் ஜூனியர் பேசுவதைப் போலவே மென்மையாகச் சொன்னேன். ஒன்று குறைந்தது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டேன்.

என் ஷிப்ட் முடிந்து அந்த ஜூனியர் வரும் நேரம் அது. உள்ளே நுழைந்தவள், கிளம்பிக்கொண்டிருந்த விவசாயி மனைவியின் கையிலிருந்த பையைப் பார்த்தாள். "மாத்திரையெல்லாம் இந்தப் பையிலதான் இருக்காம்மா? செத்த கொட்டுங்க, பாப்போம்." யாரையும் இதைக் கேட்காமல் அவள் விட்டதில்லை. நான் கேட்டதில்லை. கட்டிலில் விழுந்த அட்டைகளில் ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க இதய நோயாளிகள் சாப்பிடுவது. அதைச் சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டு வந்தால், எவ்வளவு நன்றாகப் பேசினாலும் ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும். படித்து முடிக்காத பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த பாடம்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஸ்கேன் எழுதினாள். மண்டைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஆம்புலன்சில் மதுரைக்கு அனுப்பினோம்.

அன்று சாயங்காலம் பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது கட்டத்தை அதுவரை நான் படித்ததே இல்லை. அவள் எழுதியது கொஞ்சம். எழுதியதில் பலருக்கு உள்ளே ஏதோ இருந்தது. என்னுடையதில் அநேகமாக ஒன்றுமில்லை.

மனிதர் பிழைத்துக்கொண்டார். சில வாரம் கழித்து மொட்டைத் தலையோடு நடந்தே வந்தார். அவர் மனைவி என் மேசைமேல் ஒரு பை வெண்டைக்காயை வைத்தார்.

"ஒங்களுக்குத்தான் மனசுல என்னமோ பட்டு, அந்தம்மாவையும் ஒருக்கா பாக்கச் சொன்னீகளாம்ல. அந்தம்மாதான் சொன்னாக. நீங்க நல்லாருக்கணும் சார்."

நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "சரிங்கம்மா" என்றுதான் வந்தது. எதிர்க் கட்டிலருகே அவள் யாரிடமோ குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கேனில் என்றால் அவளை என்றைக்காவது முந்திவிடலாம். அவளுக்கிருக்கும் இந்த மனசுக்கு நான் எங்கே போவேன்? வயிறு எரிந்தது. வெண்டைக்காயை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.