ராகவன் சாரின் சர்க்கரை இறங்கிய கதை

உம்மே ஹானி போடும் டீயைக் குடித்துவிட்டு இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. அவளுக்கு வினை வந்ததே அந்த நல்ல பேரால்தான்.

தி.நகர் நடேசன் பூங்கா வாசலுக்கு விடிகிற நேரத்தில் போனால் அவளுடைய தள்ளுவண்டியைத் தேடவே வேண்டாம். மூக்கே கூட்டிக்கொண்டு போய்விடும். அருகம்புல் சாற்றுக்காரரையும் முளைகட்டிய பயறு விற்பவரையும் தாண்டி, லவங்கப்பட்டையும் ஏலக்காயும் தட்டிப்போட்ட சுக்கும் கொதிக்கிற வாசனை, வாக்கிங் வந்தவர்களை இழுத்து நிறுத்தும். சளி பிடித்தவருக்குத் துளசியும் மிளகும். முந்தின நாள் கல்யாண விருந்தை ஒரு பிடி பிடித்துவிட்டு வயிறு மந்தமாக வந்தவருக்குச் சோம்பும் சீரகமும். பித்தம், தலைசுற்றல் என்றால் இஞ்சியும் ஏலக்காயும். பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு டீயே தரமாட்டாள். ஒரு கிராம்பைக் கொடுத்து, "கடவாயில அடக்கிக்க, பல் டாக்டராண்ட போ" என்று அனுப்பிவிடுவாள். சர்க்கரைக்காரர்களுக்கு வெல்லம் போடாத ஆவாரம்பூ டீ. இதைக் குடித்தால் சர்க்கரை போய்விடுமா என்று யாராவது கேட்டால் அவளிடம் பதில் தயாராக இருக்கும்.

"தொண்டைக்கு இதமா கீதா, வவுறு லேசா கீதா, அத்தோட சரி. மாத்திரைய வுட்டுடாதீங்க சார். நான் டீக்காரி, டாக்டர் இல்ல."

இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? இவ்வளவு அடக்கமாகப் பேசுகிறவள் கையில் ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது என்றுதான் நினைத்தார்கள். நம் ஜனங்களே அப்படித்தான்.

அவள் வீடு சி.ஐ.டி. நகரில் ஒரு சந்துக்குள். கணவர் மெஹபூப் அலி, பாண்டி பஜார் கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிற தையல்காரர். கொரோனா வந்து கடைகளை இழுத்து மூடியபோது தையல் மெஷின் தூசி படிந்து கிடந்தது. ஊரே கஷாயம், கஷாயம் என்று அலைந்தது. தன் வீட்டு அடுப்பில் இவள் கொதிக்கவைத்ததை அக்கம்பக்கத்தார் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அப்படி ஆரம்பித்ததுதான் இந்த வண்டி. கொரோனா போய்விட்டது, வண்டி போகவில்லை. இப்போது காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவதும், வெயில் ஏறும்வரை கூட இருந்து கோப்பை கழுவிக் கொடுப்பதும் மெஹபூப் அலியின் வேலை. அப்புறம் போய்த் தைக்க உட்காருவார்.

அவருக்குச் சர்க்கரை ரொம்ப நாளாக உண்டு. மாத்திரைக்குக் கட்டுப்படாமல் போய், டாக்டர் ஊசிக்கு மாற்றிவிட்டார். போன வருஷம் கண்ணில் புகை படிந்த மாதிரி இருக்கிறது என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே டாக்டரம்மா உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். கண்ணுக்குள்ளே ரத்தம் கசிய ஆரம்பித்திருக்கிறது, ஊசியை விடாமல் போட்டுச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் பார்வை தங்கும், இல்லாவிட்டால் போய்விடும். தையல்காரனுக்குக் கண் போனால் மிச்சம் என்ன இருக்கிறது? அன்றிலிருந்து தினம் காலையில் உம்மே ஹானியே அவர் வயிற்றில் ஊசி போட்டாள். நாள் பூராவும் ஊசியோடு புழங்குகிற மனுஷன், அந்த ஒரு ஊசிக்குக் குழந்தை மாதிரிக் கண்ணை மூடிக்கொள்வார். அவளுக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் ராகவன் சார் வந்து சேர்ந்தார். முழுப்பெயர் ஸ்ரீனிவாசராகவன். கணக்குத் தணிக்கை உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். பூங்காவைச் சுற்றி வேக நடை நடப்பார், அதைவிட வேகமாகப் பேசுவார். அவருக்கும் சர்க்கரை. மாத்திரை சிறுநீரகத்தைத் தின்றுவிடும் என்று எங்கேயோ படித்துவிட்டு, அத்தனையையும் குப்பைக்கூடையில் கொட்டினார். "இனிமே ஆவாரம்பூதான்" என்று சபதம் போட்டுக்கொண்டு வண்டிக்கு முன்னால் நின்றார். உம்மே ஹானி வழக்கமான பதிலைச் சொன்னாள். அவர் வழக்கம்போலக் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து, சார் உள்ளே நடந்துகொண்டிருந்தபோது, மெஹபூப் அலி தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, சாரின் மனைவி ஜானு மாமி வண்டிப் பக்கம் வந்தாள். டீ வேண்டாம் என்றாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். கையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது.

"ஹானி, எனக்கு உன்னை விட்டா வேற கதி இல்லை. அவருக்குச் சர்க்கரை தாறுமாறா ஏறிண்டிருக்கு. ராத்திரில கால் எரியறதுங்கறார், மாத்திரை மட்டும் வேண்டாமாம். ஆத்துல மோர்ல பொடிச்சுப் போட்டேன், கண்டுபிடிச்சுட்டார். அதுலேர்ந்து சாத்தமுதைக்கூட மோந்து பார்த்துட்டுத்தான் சாதத்துல விட்டுக்கறார். உன் டீ ஒண்ணைத்தான் கண்ணை மூடிண்டு குடிக்கறார். அந்தக் காரத்துல, கசப்புல இது தெரியாது. டாக்டர்ட்டயும் மருந்துக் கடைலயும் கேட்டுட்டேன், இதைப் பொடிக்கலாமாம்."

உம்மே ஹானி அட்டையைத் தொடவில்லை. ஒருவருக்குத் தெரியாமல் அவர் வாயில் மருந்தைப் போடுவதா? அல்லா மன்னிப்பானா? ஆனால் மாமி கண்ணில் தண்ணீர் நின்றது. தன் வீட்டிலும் ஒரு சர்க்கரைக்காரரை வைத்துக்கொண்டிருப்பவளுக்கு அந்தத் தண்ணீரின் அர்த்தம் தெரியாதா? அட்டையை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ராகவன் சாருக்குத் தனி டீ. சின்ன இடிகல்லில் இஞ்சி, மிளகு, ஒரு ஏலக்காய், கூடவே ஒரு மாத்திரை. நங்கென்று நாலு இடி இடித்து, கோப்பையில் போட்டு, கொதிக்கிற ஆவாரம்பூ டீயை மேலே ஊற்றி ஆற்றிக் கொடுப்பாள். அவர் உறிஞ்சிவிட்டு, "பேஷ்! என்ன காரம், என்ன மணம்!" என்பார். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

சர்க்கரை இறங்கியது. இறங்காமல் என்ன செய்யும்? மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனையைச் செய்துகொண்டு வந்து, பூங்கா வாசலில் நின்று கோயில் பிரசாதம் மாதிரி எல்லாரிடமும் போனை நீட்டினார். "ஒரு மாத்திரை கிடையாது, ஒரு ஊசி கிடையாது. எல்லாம் இந்தப் பாயம்மா கைமணம்!" கூட்டம் வண்டியை மொய்த்தது. உம்மே ஹானி, "அப்டிலாம் இல்லங்க, மாத்திரைய வுடாதீங்க" என்று தொண்டை வற்றக் கத்தினாள். அவர்கள் சிரித்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் கோப்பை கழுவிக்கொண்டே மெஹபூப் அலியும் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அவள் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தபோது சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"வாணாம் ஹானி. இனிமே ஆவாரம்பூ டீதான்."

"இன்னா பேசுறீங்க? டாக்டரம்மா சொன்னது மறந்துபோச்சா?"

"எதிர்ல ஒரு மனுசன் நல்லாகி நிக்கிறாரு. உன் டீயைக் குடிச்சு ஊரே நல்லாவுது, நான் மட்டும் தெனம் வவுத்துல குத்திக்கினு இருக்கணுமா?"

கெஞ்சினாள், திட்டினாள், சோறு தின்னாமல் கிடந்தாள். அவர் அசையவில்லை. மாத்திரையாக இருந்தால் அவர் டீயிலும் இடித்துப் போட்டிருப்பாள். ஊசியை எந்த டீயில் கலப்பது?

வேறு வழியில்லாமல் உண்மையைப் போட்டு உடைத்தாள். மத்தியானம் அவர் சாப்பிட்டு முடித்ததும் கையைப் பிடித்து உட்காரவைத்து, சார் டீயில் மாத்திரை இருக்கிறது, மாமி கொடுத்தாள், நான் இடித்துப் போடுகிறேன் என்று எல்லாவற்றையும் சொன்னாள். மெஹபூப் அலி வாய்விட்டுச் சிரித்தார்.

"எனக்கு ஊசி குத்துறதுக்கு இப்டி ஒரு கதையா? நல்லா ஜோடிக்கிற போ! சாராண்ட நானே கேட்டுட்டேன், மாத்திரைய கையால தொட்டே மாசக்கணக்காச்சுன்னாரு. பெரிய மனுசன், அவரு இன்னாத்துக்குப் பொய் சொல்லணும்?"

அவர் பொய் சொல்லவில்லைதான். அதுதானே கொடுமை!

உம்மே ஹானி மாமியிடம் ஓடினாள். என் வீட்டுக்காரரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உங்களை நம்புவார் என்றாள். மாமி விரலைப் பிசைந்தாள். "பாய் வெகுளி, ஹானி. மனசுல ஒண்ணும் தங்காது. இவர் காதுக்குப் போச்சுன்னா உன் டீயும் போச்சு, என்னையும் ஜன்மத்துக்கும் நம்பமாட்டார். கொஞ்சம் பொறு, சமயம் பார்த்துச் சொல்றேன்." அந்தச் சமயம் வரவே இல்லை. மாமி தினம் வருவாள், உம்மே ஹானி கண்ணைப் பார்ப்பாள், மெஹபூப் அலி கோப்பை கழுவுகிற பக்கம் பார்ப்பாள், பூ வாங்க நேரமாகிவிட்டது என்று போய்விடுவாள்.

இதற்கிடையில் வீட்டில் நூல் கோக்க உம்மே ஹானியைக் கூப்பிட ஆரம்பித்தார் மெஹபூப் அலி. விளக்கு மங்கலாக எரிகிறது என்றார். புது பல்பு வாங்கிப் போட்டார். ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கைக்கு இரண்டு கையையும் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டார். கடைக்காரர் அதைத் திருப்பி அனுப்பியபோது, துணி சரியில்லை என்று சொல்லிவிட்டு நெடுநேரம் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அன்றைக்கும் ஊசிக்கு மாட்டேன் என்றார். "டீ வேலை செய்ய கொஞ்சம் நாளாவும். சாருக்கே மூணு மாசம் ஆச்சே" என்றார். அந்த இடிகல்லைத் தூக்கித் தன் தலையிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை ராகவன் சாரும் மாமியும் சேர்ந்தே வந்தார்கள். சார் உற்சாகமாக மெஹபூப் அலியின் தோளைத் தட்டி, "என்ன பாய், ஊசியை விட்டாச்சா?" என்று கேட்டார். உம்மே ஹானிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மடியிலிருந்த அட்டையை எடுத்து வண்டிமேல் போட்டாள்.

"சார், என்னை மன்னிச்சுடுங்க. உங்க சர்க்கரை எறங்குனது என் டீயால இல்ல. இதை தெனம் இடிச்சு உங்க டீல போட்டுக்கினு வந்தேன். மாமிதான் குடுத்தாங்க. இவருக்குக் கண்ணு போயிக்கினு கீது சார். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, ஊசி போட்டுக்குவாரு."

ராகவன் சாரின் முகம் கறுத்தது. மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"ஜானு? நெஜமா?"

மாமி உம்மே ஹானியைப் பார்த்தாள். மெஹபூப் அலியைப் பார்த்தாள். கடைசியில் தன் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே உம்மே ஹானிக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னா," என்றாள் மாமி. "நான் எதுவும் குடுக்கலை. பாவம், பாய் கண்ணை நெனச்சுக் கலங்கிப்போய் ஏதோ சொல்றா."

சார் மூச்சு விட்டார். அட்டையை எடுத்து மெஹபூப் அலியிடம் நீட்டி, "பாய், இதைப் பார்த்திருக்கேளா?" என்றார். அவர் அதைக் கண்ணுக்கு வெகு பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஊசிக்கு மாறுவதற்கு முன்னால் தான் விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரைதான், வீட்டில் இன்னும் மிச்சம் கிடக்கும் என்றார். அட்டையை வண்டிமேல் திரும்ப வைத்தபோது வெட்கத்தில் தலை குனிந்துவிட்டது.

"எம்மேல உள்ள பாசத்துல பண்ணிட்டா சார். தப்பா எடுத்துக்காதீங்க."

"சேச்சே, எனக்குப் புரியறது," என்று சார் பெருந்தன்மையாகச் சிரித்தார். "பாயம்மா, உங்க கைமேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையே! சரி, எனக்கு எப்பவும்போலக் காரமா ஒண்ணு."

மாமி அங்கேயே நின்றாள். இடிகல்லை ஒரு தடவை பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உம்மே ஹானிக்கு அவளைச் சபிக்க வேண்டும்போல இருந்தது. வாய் வரவில்லை. மாமி இடத்தில் தான் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று அவளுக்குத் தெரியும். மாத்திரை போடாத டீயைக் கொடுத்து இந்த மனுஷனுடைய காலுக்கோ உயிருக்கோ உலை வைக்கவும் அவளால் முடியாது. அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, இஞ்சியோடும் மிளகோடும் சேர்த்து இடித்தாள். யாரும் கவனிக்கவில்லை. சார் அதற்குள் புதிதாக வந்த ஒருவரிடம் ஆவாரம்பூவின் மகிமையை ஆரம்பித்துவிட்டார். அவருக்கு ஆற்றிக் கொடுத்தாள்.

"எனக்கும் ஒண்ணு குடு ஹானி," என்றார் மெஹபூப் அலி, ஆசையாக.

அவள் ஆவாரம்பூ டீயை ஊற்றி நீட்டினாள். அவர் கை கோப்பைக்குப் பக்கத்தில் காற்றில் துழாவியது. அவள் அந்தக் கையைப் பிடித்து அதில் கோப்பையை வைத்தாள்.